பம்பாய்ப் பத்திரிகையும் தாராவிக் குழாயும்

பம்பாய்க்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதுவார்கள். நான் போனது காகிதம் பார்க்க. யுத்தம் தொடங்கியதிலிருந்து எங்கள் சென்னைப் பத்திரிகை எட்டுப் பக்கத்திலிருந்து ஆறாகி, ஆறிலிருந்து நாலாகி, அந்த நாலும் இன்னும் எத்தனை நாளைக்கு என்கிற நிலைமைக்கு வந்திருந்தது. பம்பாயில் ஒரு சேட்டிடம் அச்சுக் காகித உருளைகள் சில இருப்பதாக முதலாளியின் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். உதவி ஆசிரியர்களில் யார் இல்லாவிட்டாலும் பத்திரிகை வெளிவரும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு, "நீர் போய்விட்டு வாரும்" என்றார்.

ரயில் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாதி தூரம் நின்றேன், மீதி தூரம் என் காலின் மேல் வேறொருவர் நின்றார்.

மாதுங்காவில் வைத்தியநாதன் வீட்டில் தங்கினேன். பாலக்காட்டுக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. எங்கள் பத்திரிகைக்கு அவ்வப்போது பம்பாய்ச் சமாசாரம் எழுதி அனுப்புவார். சம்பளம் கிடையாது, பெயர் மட்டும் போடுவோம், அதுவும் இடம் இருந்தால். அப்படிப்பட்டவர் வீட்டில் போய்ச் சாப்பிடுவதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாமியின் மிளகூட்டலுக்கு முன்னால் வெட்கம் அதிக நேரம் நிற்கவில்லை. ரேஷன் அரிசியில் அப்படி ஒரு சாப்பாடு சென்னையில் நான் கண்டதில்லை.

முதல் நாள் காலை எழுந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நல்ல மழை. கீழ் வீட்டுக்காரர் குடையும் கையுமாக வாசலில் நின்றார். "மழை பெய்கிறதே, விரியுங்கள்" என்றேன். "பேப்பர் இன்னும் வரலை" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பம்பாயில் மழை எத்தனை அங்குலம், அது குடைக்குரிய மழையா, ரெயின்கோட்டுக்குரிய மழையா என்பதைப் பத்திரிகைதான் சொல்ல வேண்டும்.

பத்திரிகை என்றால் ஒரு ஆங்கில தினசரி. பெயர் சொல்லப்போவதில்லை, அதற்கு என்னைத் தெரியாது, எனக்கும் அதனிடம் கோபமில்லை. அந்தக் கட்டடத்தில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிரதி. காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அப்படி ஒரு ஏற்பாடு. கீழ் வீட்டில் அரை மணி, எதிர் வீட்டில் அரை மணி, பிறகு மாடி ஏறும். வைத்தியநாதன் மூன்றாவது. முறை வராதவர் காதுபட உலகச் செய்தி எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ருஷ்யாவில் என்ன நடந்தது என்று நான் படியில் வைத்துக் கேட்டபோது நாலாம் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு மேலே ஓடினார்.

வைத்தியநாதன் யுத்தச் செய்தியைப் பார்ப்பதில்லை. நேரே ஆசிரியருக்குக் கடிதங்கள் வரும் பக்கம். பம்பாயிலேயே அதிகக் கடிதம் எழுதுகிறவர்களில் அவர் ஒருவர். ரயில் இரண்டு நிமிஷம் தாமதமானால் கடிதம். கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் உட்கார இடமில்லை என்றால் கடிதம். ரேடியோவில் கர்நாடக சங்கீதத்தைப் பாதியில் நிறுத்தினால் இரண்டு கடிதம். பிரசுரமானதைக் கத்தரித்து, பழுப்பு அட்டை போட்ட நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். பொதுப் பிரதியைக் கத்தரிக்கலாமா என்றால், கடிதம் வந்த அன்றைக்கு எழுதினவருக்குக் கத்தரிக்கோல் உரிமை உண்டு என்பது கட்டடத்துச் சம்பிரதாயம். மீதி மூன்று வீடும் ஓட்டை விழுந்த பத்திரிகையைப் படிக்கும். மேல் வீட்டு மனிதருக்குத்தான் வருத்தம். ஓட்டைக்குப் பின்பக்கம் பெரும்பாலும் கிரிக்கெட் இருந்துவிடுகிறது.

"இந்த பெஞ்சைப் பாருங்கோ சார்" என்று பூங்காவுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். "என் லெட்டர் வந்து பத்தே நாள். போட்டுட்டான். நம்ம மெட்ராஸ்லே நடக்குமோ?"

நடக்காது என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு யாரும் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் சேட்டைப் பார்க்கப் புறப்பட்டேன். ஸ்டேஷனில் நான் காசு கொடுத்து வாங்கின பத்திரிகை, லோக்கல் ரயிலில் ஏறியதும் எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. நடுப் பக்கத்தை எதிரே நின்ற பார்ஸிக்காரர் கேட்காமலே உருவிக்கொண்டார். கடைசிப் பக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. மிச்சத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குஜராத்திக்காரர், "அவசரப்பட்டுத் திருப்பாதே, நான் இன்னும் பஞ்சு விலை முடிக்கவில்லை" என்று கடிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பஞ்சு விலையை அவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கும்போது மூன்று பேர் மூன்று திசையிலிருந்து பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். நேர்மையான ஊர்.

சேட் பாதாம் அல்வா கொடுத்தார். "காகிதமா? நாளைக்கு வா" என்றார். மறுநாளும் அல்வா, மறுநாளும் நாளைக்கு. செம்பூரில் கிடங்கு இருக்கிறது, போய்ப் பார் என்று ஒரு நாள் அனுப்பினார். போனேன். பெரிய பூட்டும் அதன் மேல் ஒரு காக்கையும் இருந்தன. திரும்பும்போது தவறாக வேக ரயிலில் ஏறி, மாதுங்கா ஸ்டேஷன் கண்ணெதிரே பறந்து போவதைப் பார்த்துக்கொண்டு தாதர் வரை போனேன். அங்கே ஒரு இரானிக் கடையில் டீ. பன்னும் வெண்ணெயும் கொண்டுவந்த பையன்மார் மேஜைக்கு ஒரு தாள் வீதம் பத்திரிகையையும் பரிமாறினார்கள். என் மேஜைக்கு மரண அறிவிப்புகள் கிடைத்தன.

ஞாயிற்றுக்கிழமைதான் சுடலைமுத்து வந்தார்.

மாதுங்கா முழுவதும் பழைய பேப்பர் வாங்குகிறவர் அவர். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் குடியிருந்துகொண்டு, வாங்கின பேப்பரைக் கடைகளுக்குப் பையாக ஒட்டிக் கொடுப்பது தொழில். நிலைப்படிக்கு வெளியே தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து மாமி, "வாசல்லேயே எடை போடச் சொல்லுங்கோ" என்றாள். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆறு வருஷமாக அவர் அங்கேதான் நிற்கிறாராம்.

நான் ஏதோ பேசப்போக, என் பேச்சில் ஊர் வாடை தெரிந்து, "அண்ணாச்சி நம்ம பக்கமா?" என்று முகம் மலர்ந்தார். ஊரில் இருந்தால் என்னை 'ஐயா' என்றிருப்பார். பம்பாய் அதை 'அண்ணாச்சி' ஆக்கியிருந்தது; பம்பாய் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. பேச்சு வளர்ந்தது. கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"எங்க சந்துக் குழாயில ஒரு மாசமாத் தண்ணி வரல அண்ணாச்சி. பொம்பளையெல்லாம் தண்டவாளம் தாண்டி இங்க மார்க்கெட் குழாய்க்கு வாராவ. எம் பெஞ்சாதி பேச்சியம்மாளுக்கு ஏழு மாசம். இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு தூக்கிட்டு ரயிலுக்கு நடுவுல போறா. முனிசிபல் ஆபீஸ்ல போய்ச் சொன்னா அந்தா இந்தாங்கான். இந்தச் சாமி பேப்பர்ல எழுதினா நடக்கும்னு சொல்லுதாவ. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அன்று மத்தியானம் அவரோடு தாராவிக்குப் போய்ப் பார்த்தேன். குழாயின் தலையில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வர வேண்டுமென்று யாரோ குழாய்க்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை காய்ச்சுவதற்கும் அந்தத் தண்டவாளம் தாண்டி வந்த தண்ணீர்தான். மாதுங்காவும் தாதரும் காலையில் அடித்துப் பிடித்துப் படித்த செய்தியெல்லாம் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தது. தளபதிகளும் மந்திரிகளும் தலைகீழாக ஒட்டப்பட்டு, வேர்க்கடலைக்காகக் காத்திருந்தார்கள். நகரத்துப் பத்திரிகை முழுவதும் தாராவிக்கு வந்து சேர்கிறது. புரட்டிப் பார்த்தேன், தாராவியைப் பற்றி ஒரு வரியும் கண்ணில் படவில்லை.

வைத்தியநாதனிடம் சொன்னேன். நல்ல மனிதர். உடனே பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஆனா ஒண்ணு சார். தாராவின்னு ஆரம்பிச்சா எடிட்டர் படிக்கவே மாட்டான். மாதுங்காவாசின்னு ஆரம்பிக்கணும். நமக்கு என்ன அசௌகரியம்னு ரெண்டு பாரா. அப்பறம் மெல்ல, கடைசியிலே விஷயத்துக்கு வரணும். அதாக்கும் மரியாதை."

எழுதி வாசித்துக் காட்டினார். மார்க்கெட் குழாயடியில் காலை வேளையில் வெளியாட்கள் குடங்களோடு கூட்டம் போடுவதால் மாதுங்கா மக்கள் காய்கறி வாங்கப் போக முடியவில்லை. சேறு, சத்தம். இது முதல் இரண்டு பாரா. பிறகு, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள், தாராவிக் குழாய் ஒரு மாதமாக வறண்டு கிடக்கிறது, கர்ப்பிணிகள் தண்டவாளம் தாண்டுகிறார்கள், அதைச் சரிசெய்தால் எல்லாருக்கும் நல்லது என்று கடைசிப் பாரா. அந்தக் கடைசிப் பாராவை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். "பிரமாதம்" என்றேன். பன்னிரண்டு வருஷம் பத்திரிகை ஆபீஸில் குப்பை கொட்டினவன் சொல்லக் கூடிய வார்த்தையா அது!

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்துவிட்டது. 'மாதுங்காவில் தொந்தரவு' என்று தலைப்பு. முதல் இரண்டு பாரா அப்படியே இருந்தது. மூன்றாவது பாரா இல்லை.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கடிதம் நீளம், இடம் குட்டை. என்னைப் போல ஒரு உதவி ஆசிரியன் உட்கார்ந்து, எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதைச் செய்திருக்கிறான். அடியிலிருந்து வெட்டியிருக்கிறான். நானாக இருந்தாலும் அதே இடத்தில்தான் வெட்டியிருப்பேன். படித்துப் பார்க்கக்கூட மாட்டேன். ஸ்கேலை வைத்து அளப்பேன்.

வைத்தியநாதன் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார். "ஒரு கமா மாறலை, கவனிச்சேளா?" என்றார்.

மூன்றாம் நாள் காலை மார்க்கெட் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் கம்போடு ஒரு காவல்காரன். சென்னையில் எங்கள் தெருக் கம்பத்தில் விளக்குப் போட நாங்கள் மனுக் கொடுத்து, மனுக் கொடுத்தவரே காலமாகிவிட்டார். இங்கே மூன்றே நாள். நகரம் பத்திரிகைக்குக் காட்டும் மரியாதை அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்து வந்தார். தராசு கொண்டுவரவில்லை. நான் படியிறங்கிப் போனேன்.

"பேப்பர்ல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். கடைசிப் பாரா ஒன்று இருந்தது, அதில்தான் உங்கள் விஷயம் இருந்தது, இடமில்லையென்றால் அடியிலிருந்து வெட்டுவது வழக்கம் என்று எங்கள் தொழில் தர்மத்தையும் விளக்கினேன்.

"அப்பம் நாங்க அடியில இருந்தோம்."

"ஆமாம்."

"இப்பம் அவ மாஹிம் பக்கம் போறா. இதைவிட ரெட்டைத் தூரம். நேத்து வழியில தலை சுத்தி உக்காந்துட்டா. குடம் ஒடஞ்சு போச்சு. நல்லவேளை, குடம்தான்."

இந்த வினையை இழுத்துவிட்டவன் நான்தான். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. படியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு மாசமா நாங்க கத்துதோம், ஒரு நாயும் வரல. மாதுங்காக்காரவுகளுக்குக் கஷ்டம்னு எழுதினதும் மூணு நாள்ல பூட்டு வந்திட்டு. சரிதானா?"

"சரிதான்."

"அப்பம் எங்க குழாயில தண்ணி வராததுனால மாதுங்காக்காரவுகளுக்கு என்ன கஷ்டம்? அதை எழுதச் சொல்லுங்க."

"அவர்களுக்கு என்ன கஷ்டம்?"

"நாங்க குளிக்கலைல்லா? நாறுதோம். ரயில்ல அவுக பக்கத்துல நிக்கோம். பேப்பர் எடுக்க அவுக மாடிப்படி ஏறுதோம். அவுக வாங்குத கடலைக்குப் பை ஒட்டுதோம். அதை எழுதச் சொல்லுங்க. மொத வரியிலேயே எழுதச் சொல்லுங்க, அடியில வேண்டாம்."

மேலே போய் வைத்தியநாதனிடம் சொன்னேன். மனிதர் பதறிப்போனார்.

"சேச்சே! மனுஷாளைப் பத்தி இப்படி எழுதறதாவது? பாவமில்லையோ?"

அந்த மனுஷர் ஆறு வருஷமாக நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை என்பது என் வாய்வரை வந்தது. விருந்தாளியாயிற்றே, விழுங்கிவிட்டேன். "அவரே சொல்கிறார், உங்களுக்குப் பாவம் வராது" என்றேன். அரை மனதாகப் பேனாவை எடுத்தார். முதல் வாக்கியத்தை இரண்டு தடவை அடித்து எழுதினார். இரண்டாவதில் சூடு பிடித்தது. மூன்றாவதில் அவராகவே தொற்றுநோயைச் சேர்த்துக்கொண்டார். நாங்கள் கேட்காமலே காலராவும் வந்து சேர்ந்தது. குழாயைப் பழுது பார்க்க வேண்டும் என்பதை முதல் பாராவிலேயே போடும்படி நான் பார்த்துக்கொண்டேன். இந்தப் பயணத்தில் என் தொழிலறிவு பயன்பட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

"ரொம்பப் பிரமாதமா வந்திருக்கு சார்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

புதன்கிழமை பிரசுரமாயிற்று. ஒரு வார்த்தை வெட்டவில்லை. சுற்றிலும் கோடு போட்டுப் பெட்டி கட்டி, பக்கத்தின் தலையில் போட்டிருந்தார்கள். மறுநாள் தாதரிலிருந்து ஒருவர் ஆதரித்து எழுதியிருந்தார். முதல் வகுப்பில் போகும் ஒரு சீமாட்டி, தமக்கும் ரயில் ஜன்னல் வழியாக அந்த நாற்றம் வெகு நாளாகத் தெரியும் என்று எழுதினாள். வைத்தியநாதன் அவற்றையும் கத்தரித்துக்கொண்டதால், மேல் வீட்டுக்காரர் இரண்டு நாள் தொடர்ந்து கிரிக்கெட் இல்லாமல் தவித்தார்.

சனிக்கிழமை தாராவிக்கு மூன்று பேர் வந்தார்களாம். மேஸ்திரி மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தாராம். சந்து முனையில் தரையைத் தோண்டி, குழாயின் திருகு ஒன்றைத் திறந்தார்கள். கால் மணி நேர வேலை. எதற்கோ மூடினவர்கள் திறக்க மறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் ஒரு சந்து முழுவதும் ஒன்றரை மாதம் குடம் சுமந்திருக்கிறது.

அன்றைக்கே சேட்டும் மனம் இரங்கினார். கேட்டதில் பாதிக் காகிதம். முதலாளிக்குத் தந்தி அடித்துவிட்டு, ஊருக்குப் புறப்படுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலை தாராவிக்குப் போனேன்.

குழாயடியில் நீள வரிசை. கோழியைக் காணோம், குங்குமம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் குடத்தை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். என்னைக் கண்டதும் சுடலைமுத்து உள்ளே ஓடி ஒரு கட்டுப் பேப்பரைக் கொண்டுவந்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆகையால் அந்த வாரத்துப் பேப்பரில் ஒன்றைக்கூடப் பை ஒட்டாமல் அப்படியே வைத்திருந்தார்.

"இதுல எதுன்னு பாத்து எடுத்து, எல்லாருக்கும் கேக்கும்படி படிங்க அண்ணாச்சி. தமிழ்ல சொல்லுங்க."

எடுத்தேன். வரிசையில் பேச்சு அடங்கியது. இருபது முப்பது பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் வரியைப் பார்த்ததும் பேப்பரைப் பாதியாக மடித்துக்கொண்டேன்.

"தாராவியில் ஏழை மக்கள் தண்ணீரில்லாமல் கஷ்டப்படுகிறார்கள்" என்று தொடங்கினேன். "கர்ப்பிணிப் பெண்கள் குடம் சுமந்து தண்டவாளம் தாண்டுவதைப் பார்த்தால் கல்லும் உருகும். நம் சகோதரிகளான இவர்களுக்கு..."

"எம்மா! எம்புட்டு நல்ல மனசு!" என்றாள் பேச்சியம்மாள். அவள் கண்ணில் நீர் நின்றது. பின்னால் ஒரு கிழவி வைத்தியநாதன் இருக்கும் திசையை விசாரித்து ஒரு கும்பிடு போட்டாள்.

சுடலைமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"அப்படி எழுதியிருந்தா தண்ணி வந்திருக்காதே அண்ணாச்சி. எழுதினதைப் படிங்க. எதுக்காகத் தண்ணி வந்திச்சின்னு இவளுக தெரிஞ்சிக்கிடட்டும்."

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அழுக்கு வந்தது, நாற்றம் வந்தது, காலராவும் வந்தது. நாற்றம் வந்தபோது வரிசையில் யாரோ ஒருத்தி, "எந்தப் பய வந்து மோந்து பாத்தான்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிரிப்பில்லை. பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிரம்பின குடத்தை நகர்த்திவிட்டு, பக்கத்திலிருந்தவளின் குடத்தை இழுத்து வைத்தாள்.

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய கடிதங்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. வெட்டாமல் ஒரு கடிதத்தை அடிவரை நான் படித்தது அன்றைக்குத்தான்.